கட்டை நீளம், அடி தாழ்வு: 12 போர் துப்பாக்கியை 5,000 ரூபாய்க்குள் உடம்புக்குப் பொருத்த முடியுமா?

வெற்றி_வேளச்சேரி:

எல்லோருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 12 போர் ஓவர்-அண்டர் (ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள ஷாட்கன்), 30 அங்குலக் குழல். உரிமத்தில் ஏற்றியாச்சு. துப்பாக்கியில் குறை ஒன்றும் இல்லை. எனக்கும் அதற்கும்தான் ஒத்துப்போகவில்லை.

என் உயரம் 163 செ.மீ., வலது கைப் பழக்கம். டிராப்தான் முக்கியம், ஸ்கீட் எப்போதாவது (இரண்டும் காற்றில் வீசும் தட்டைச் சுடும் போட்டிகள்). துப்பாக்கியின் அளவுகள்: எல்.ஓ.பி. (டிரிகரிலிருந்து, தோளில் வைக்கும் மரக்கட்டையின் பின்முனை வரை நீளம்) 375 மி.மீ. (14¾ அங்குலம்), இதில் ரப்பர் பேட் மட்டும் 25 மி.மீ. இறக்கம் (குழலின் மேல்கோட்டிலிருந்து கட்டையின் மேல்விளிம்பு தாழும் அளவு) கோம்ப் மூக்கில், அதாவது கன்னம் வைக்கும் விளிம்பின் முன்முனையில், 38, ஹீலில், அதாவது பின்முனையின் மேல்மூலையில், 58.

தூக்கும்போது பட் (கட்டையின் பின்முனை) அக்குளில் மாட்டுகிறது. சுட்ட பிறகு நீலம் பாய்வது தோளில் இல்லை, புஜத்தில். கன்ன எலும்பும் வலிக்கிறது. டிராப்பில் ரவைக் குண்டுகள் பெரும்பாலும் தட்டுக்குக் கீழே போகின்றன என்று பின்னால் நிற்பவர்கள் சொல்கிறார்கள்.

வெளிநாட்டில் ஃபிட்டிங் செய்பவர்களிடம் போக வசதியில்லை. கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. மூன்று கேள்விகள்: தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து ஓர் அங்குலம் அறுத்துவிடலாமா? கோம்ப்பை உயர்த்த ஆன்லைனில் விற்கும் ஒட்டுப் பேட் போதுமா? எதை முதலில் செய்வது?

நடுமணி:

தம்பி, அறுக்காதீங்க. கடைசியில் அறுக்க வேண்டி வரலாம், ஆனால் அது கடைசி வேலை.

உங்கள் மூன்றாவது கேள்விதான் முதல் கேள்வி. வரிசை இதுதான்: எந்தக் கண் ஆளுகிறது என்று பார்ப்பது, தூக்கும் பழக்கத்தை ஒரே மாதிரி ஆக்குவது, எல்.ஓ.பி., பிறகு பிட்ச் (பட் முகப்பின் சாய்வு), பிறகு கோம்ப் உயரம், கடைசியாக காஸ்ட் (கட்டை பக்கவாட்டில் விலகும் அளவு). இதை மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது முன்னால் சரிசெய்த இன்னொன்று கலையும்.

ஏன் கலையும் என்பதை உங்கள் துப்பாக்கியை வைத்தே சொல்கிறேன். ஷாட்கன்னில் பின் சைட் (கண்ணுக்கு அருகே இருக்கும் குறிமுனை) கிடையாது. உங்கள் கண்தான் பின் சைட். கண்ணை எந்த உயரத்தில் வைப்பது என்று தீர்மானிப்பது கன்னம் உட்காரும் இடம். உங்கள் கோம்ப் மூக்கிலிருந்து ஹீலுக்கு 20 மி.மீ. சரிகிறது. அந்த நீளம் ஏறக்குறைய 230 மி.மீ. இருக்கும். கட்டை நீளமாக இருப்பதால் உங்கள் கன்னம் பின்னால், சரிவின் தாழ்வான பக்கம் உட்காருகிறது. கண் தாழ்ந்தால் அடியும் (ரவை படும் இடமும்) தாழும். எல்.ஓ.பி.யை 20 மி.மீ. குறைத்தால் கன்னம் 20 மி.மீ. முன்னே வரும், கண் சுமார் 1.7 மி.மீ. தானாகவே உயரும். கோம்ப்பில் முதலில் கை வைத்து, அடி சரியாக வந்ததும் கட்டையைக் குறைத்தீர்கள் என்றால், அன்றிலிருந்து தட்டுக்கு மேலே சுடுவீர்கள்.

புஜத்தில் நீலம் பாய்வது நீளமான கட்டைக்கே உரிய அடையாளம். அக்குளில் மாட்டும் பட் முனையை விடுவிக்க உடம்பு அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அது தோள் குழியைத் தாண்டி புஜத்து எலும்பின் மேல் போய் நிற்கிறது. வெளியே போன கட்டையைத் தேடித் தலையும் சாய்கிறது. கன்ன வலி அதன் பின்விளைவாகவும் இருக்கலாம். அதனால் கன்னத்துக்கென்று இப்போதே தனி வைத்தியம் எதுவும் செய்ய வேண்டாம்.

இன்னொன்று: முழங்கையை மடக்கி, மடிப்பில் பட் முனையை வைத்து, விரல் டிரிகருக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் முறையை நம்பாதீர்கள். அது முன்கையின் நீளத்தை மட்டும்தான் சொல்லும். கழுத்து, தோள் அகலம், நிற்கும் விதம், போட்டிருக்கும் துணி எதையும் சொல்லாது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னம் வைத்த நிலையில், மூக்கு நுனிக்கும் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் முட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மூன்று விரல் வரை சரி. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் கட்டை குட்டை, ரீகாயிலில் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். நான்கு விரல் போனால் நீளம்.

துணி பற்றி: ஐரோப்பாவில் செய்யும் துப்பாக்கிகள் உள்ளே சட்டை, மேலே ஸ்வெட்டர், அதன் மேல் வெஸ்ட் என்று போடுபவர்களையும் மனதில் வைத்தே வருகின்றன. சென்னையில் டீ-ஷர்ட்டும் மெல்லிய வெஸ்ட்டும்தான். அதனால் நம் உயரத்துக்கு அங்கே சொல்லும் அளவைவிட 5, 6 மி.மீ. கூடுதலாகவே தாங்கும். ஓர் அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கீட்அக்கா:

அண்ணன் சொன்ன வரிசையில் முதல் இரண்டையும் நான் சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் தாவிப்போறது அங்கதான்.

கண்: இரண்டு கையையும் முழுசா நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவுல ஒரு சின்ன முக்கோண ஓட்டை விடுங்க. இரண்டு கண்ணும் திறந்தபடி, அந்த ஓட்டை வழியா தூரத்துல இருக்கற ஒரு சுவிட்ச் போர்டையோ விளக்கையோ பாருங்க. இப்ப இடது கண்ணை மூடுங்க. விளக்கு அங்கயே நின்னா வலது கண் ஆளுது. மறைஞ்சா இடது கண். காலைல ஒரு தடவை, சாயந்திரம் களைப்பா இருக்கும்போது ஒரு தடவைன்னு நாலஞ்சு நாள் பாருங்க தம்பி. சிலருக்கு மாறி மாறி வரும். வலது தோள்ல வச்சு சுடறவங்களுக்கு இடது கண் ஆண்டா அடி இடது பக்கம் போகும். அதைக் கட்டையோட குறைன்னு நினைச்சு காஸ்ட்ல கை வச்சா பணமும் போச்சு, கட்டையும் போச்சு. அப்படி இருந்தா கண்ணாடியோட இடது பக்க லென்ஸ்ல, துப்பாக்கி தோள்ல இருக்கும்போது முன்மணி (குழல் நுனியில இருக்கற குறிமணி) தெரியற இடத்துல, சின்ன வெள்ளரி விதை அளவுக்கு மங்கலான டேப் ஒட்டுங்க. லென்ஸ் முழுக்க மூடாதீங்க, தூரம் கணக்குப் பண்ண இரண்டு கண்ணும் வேணும்.

தூக்கற பழக்கம்: துப்பாக்கி காலியா இருக்கான்னு இரண்டு தடவை பார்த்துட்டு, அந்த அறையில தோட்டாவே இல்லாம, கண்ணாடி முன்னாடி தினமும் பத்து நிமிஷம். கண்ணாடியில உங்க கண்மணியைப் பாருங்க. கட்டை முதல்ல கன்னத்துக்கு வரணும், அப்புறம் தோளுக்கு. தலை இறங்கி கட்டையைத் தேடக் கூடாது. கண்ணை மூடிட்டு ஏத்தி, ஏத்தின பிறகு திறந்து பாருங்க. பத்துல எட்டு தடவை கண்மணி ஒரே இடத்துல தெரிஞ்சா மட்டும் அளவெடுக்க ஆரம்பிங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல கன்னம் வச்சா எதை அளந்து என்ன பிரயோஜனம்?

கன்னத்தை நிஜமா அழுத்தி வைங்க. வீட்ல மெதுவா தொட்டு வைப்போம், ரேஞ்சுல அழுத்துவோம். அந்த வித்தியாசமே 3 மி.மீ. வரும். பார்க்கறதுக்கு வீட்ல ஒருத்தரைக் குழலுக்கு எதிரே நிக்க வைக்கற வேலையே கூடாது. கண்ணாடி போதும்.

நீங்க முக்கியமா டிராப்னு சொல்றீங்க. டிராப்ல துப்பாக்கியைத் தோள்ல ஏத்திட்டே தட்டைக் கேட்கலாம், அதனால கட்டை கொஞ்சம் நீளமா இருந்தாலும் சமாளிக்கலாம். ஒலிம்பிக் ஸ்கீட்ல தட்டு கண்ணுக்குத் தெரியற வரை கட்டை இடுப்புக்கிட்ட, வெஸ்ட்ல இருக்கற கோட்டுலதான் இருக்கணும். அங்க அரை அங்குலம் கூடினாலே அக்குள்ல மாட்டும். ஒரே துப்பாக்கியில இரண்டும் சுடணும்னா ஸ்கீட்டுக்கு ஏத்த நீளத்தை வைங்க.

இரட்டைக்குழல்:

செலவு விஷயத்துக்கு வருவோம். கழற்றி எடுக்கக்கூடிய சாமான்களை வைத்தே முழுப் பரிசோதனையும் செய்யலாம். 5,000 ரூபாயில் பெரும்பகுதி தோட்டாவுக்குத்தான் போக வேண்டும், பொருளுக்கு அல்ல.

கட்டையைக் குறைக்க: 25 மி.மீ. பேடைக் கழற்றுங்கள். அதே ஓட்டைகளுக்கு நேராக 5 மி.மீ. பிளைவுட்டிலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ ஒரு தட்டு வெட்டி மாட்டுங்கள். எல்.ஓ.பி. 355 ஆகிவிடும், கட்டையில் ஒரு கீறல் விழாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பேடின் பழைய ஸ்க்ரூக்களை அப்படியே போட்டால் மெல்லிய தட்டில் அவை கூடுதல் ஆழம் போகும், ஓட்டையின் அடியில் முட்டி மரத்தைப் பிளக்கும். குட்டை ஸ்க்ரூ வாங்குங்கள், தலை தட்டுக்குள் அமுங்கி உட்கார வேண்டும். ரப்பர் இல்லாததால் தோளில் உதை உறைக்கும். 24 கிராம் தோட்டா மட்டும் போடுங்கள், ஒரு நாளைக்கு பத்துக்கு மேல் வேண்டாம்.

நீளம் கூட்ட வேண்டியவர்களுக்கு: பெரியமேட்டில் கிடைக்கும் சோல் லெதர் துண்டுகளை பட் வடிவத்துக்கு வெட்டி, பேடுக்கும் மரத்துக்கும் நடுவில் அடுக்கலாம். மேலே மாட்டும் லெதர் உறை ஒரேயடியாக முக்கால் அங்குலத்துக்கு மேல் கூட்டிவிடும்.

கோம்ப்பை உயர்த்த: காலாவதியான ஏ.டி.எம். கார்டுகள். எந்த வங்கி கார்டும் 0.76 மி.மீ. தடிமன்தான். இரண்டு கார்டு சேர்ந்தால் 1.5 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 1/16 அங்குலம். இதைவிடத் துல்லியமான, காசில்லாத ஷிம் எனக்குத் தெரிந்து இல்லை. 15 மி.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கி, ஓரங்களை உப்புத்தாளில் மழுக்கி, கன்னம் படும் இடத்தில் கோம்ப்பின் மேல்விளிம்பில் அடுக்குங்கள். மேலே மருந்துக்கடை கிரேப் பேண்டேஜை இழுத்துச் சுற்றுங்கள்.

ஆன்லைன் ஒட்டுப் பேட் பற்றிக் கேட்டீர்கள். பேட் நல்லதுதான், நம் ஊர் வியர்வையில் பசை தாக்குப்பிடிக்காது. மே மாதம் 25 தட்டு ஒரு ரவுண்டு முடிவதற்குள் ஓரம் தூக்கிவிடும், நகர்ந்த பேட் நகர்ந்த பின் சைட்டுக்குச் சமம். கறுப்பு எலெக்ட்ரிக்கல் டேப் வேண்டவே வேண்டாம், வெயிலில் பசை உருகி மரத்தில் இறங்கும். எதைச் சுற்றினாலும் வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுங்கள். ஈரம் அடியில் நின்றால் பாலிஷ் வெளுக்கும், ஆக்‌ஷன் ஓரத்தில் உப்புக்காற்றோடு சேர்ந்து துரு பிடிக்கும்.

இன்னொரு சின்ன விஷயம்: ரப்பர் பேடின் ஹீல் ஓரம் டீ-ஷர்ட்டில் பிடித்து இழுத்தால், அந்த ஓரத்தில் மட்டும் வழவழப்பான பிளாஸ்டிக் டேப் ஒரு துண்டு. அக்குளில் மாட்டுவதில் பாதி இதிலேயே தீரும்.

நடுமணி:

இப்போது காகிதம். எந்த ஃபிட்டரும் சொல்லாததைக் காகிதம் சொல்லும்.

ரேஞ்ச் அதிகாரியிடம் அனுமதி வாங்கி, 16 கஜத்தில், அதாவது 14.6 மீட்டரில், நான்கடிக்கு நான்கடி பிரவுன் பேப்பர் கட்டுங்கள். நடுவில் ஐந்து செ.மீ. கறுப்பு வட்டம். இருப்பதில் இறுக்கமான சோக் (குழல் வாயின் ஒடுக்கம்). ஒரு குழலை மட்டும் பயன்படுத்துங்கள். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து, கண்ணை வட்டத்திலேயே வைத்து, தூக்கியதும் சுடுங்கள். குறி பார்க்கக் கூடாது. முன்மணியைப் பார்த்து நிதானமாக வைத்தால் கை கட்டையின் தவறைத் திருத்திவிடும். நமக்குத் தேவை அந்தத் தவறுதான். ஒரே காகிதத்தில் ஐந்து தோட்டா. ஓட்டைகள் அடர்ந்த இடத்தின் நடுவைக் கண்ணால் பார்த்துப் பேனாவில் குறியுங்கள். பிறகு அடுத்த குழலுக்கும் தனியாக இரண்டு, மூன்று சுட்டுப் பாருங்கள். இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

16 கஜம் ஏன் என்றால், கண்ணிலிருந்து குழல் வாய் ஏறக்குறைய ஒரு கஜம். ஆகவே கண் 1 மி.மீ. நகர்ந்தால் காகிதத்தில் சுமார் 16 மி.மீ. நகரும். 1/16 அங்குலம் என்றால் ஓர் அங்குலம். கணக்கு மனதிலேயே போடலாம். அடி தாழ்ந்தால் கோம்ப்பை உயர்த்தணும், மேலே போனால் இறக்கணும். வலது கைக்காரருக்கு இடது பக்கம் போனால் கண் ரிப்புக்கு (குழலின் மேல் ஓடும் பட்டைக்கு) இடப்பக்கம் நிற்கிறது. கன்னப்பக்கம் மெலிய வேண்டும் அல்லது காஸ்ட் கூட வேண்டும். வலது பக்கம் போனால் கன்னப்பக்கம் தடிக்க வேண்டும்.

நீளத்தைக் குறைக்கும் முன் ஐந்து, குறைத்த பின் ஐந்து, கார்டு வைத்த பின் ஐந்து. மொத்தம் 15 தோட்டாவில் எல்லாம் தெரிந்துவிடும். காகிதங்களைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றி_வேளச்சேரி:

நன்றி அண்ணா, அக்கா. இரண்டு வாரம் கண்ணாடிப் பயிற்சி முடித்துச் சுட்ட கணக்கு. வலது கண்தான் ஆளுகிறது, ஆறு முறையும் அதேதான். எல்லாம் 14.6 மீட்டரில், கீழ்க்குழல், ஐந்து ஐந்து தோட்டா.

பழைய நிலையில், எல்.ஓ.பி. 375: மையம் 75 மி.மீ. கீழே, 40 இடது.

5 மி.மீ. தட்டுடன், 355: 45 கீழே, 25 இடது. அக்குளில் மாட்டவில்லை. மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இரண்டரை விரல்.

ஆறு கார்டு, பேண்டேஜ் இரண்டு சுற்று: 28 மேலே, 45 இடது.

உயரம் சரியாகிவிட்டது போல. இடது பக்கம் ஏன் மறுபடி கூடியது? தட்டுடன் சுடும்போது பட்டின் கீழ் முனை மார்பில் குத்துகிறது, அதையும் கேட்க வேண்டும்.

நடுமணி:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். இப்படி எண்ணோடு வந்தால் பதில் சொல்வது சுலபம்.

75 கீழே இருந்தது 45 ஆனது, 30 மி.மீ. ஏற்றம். கன்னம் முன்னால் வந்ததால் கண் 1.7 மி.மீ. உயரும் என்றேனே, அதைப் பதினாறால் பெருக்கினால் 27. ஒரு கார்டு கூட வைக்காமல் கிடைத்த ஏற்றம் அது.

இடது பக்கம் பேண்டேஜால் வந்தது. நீங்கள் சுற்றியது கோம்ப்பின் மேலே மட்டும் இல்லை, கன்னப் பக்கத்திலும் இரண்டு அடுக்கு விழுந்திருக்கிறது. அமுங்கிய பிறகும் அது 1.2, 1.3 மி.மீ. இருக்கும். பதினாறால் பெருக்குங்கள்: 20 மி.மீ. இடது. 25 என்பது 45 ஆனது அப்படித்தான். கோம்ப்பை உயர்த்துகிறவர்கள் அடிக்கடி செய்கிற தவறு இது. உயரத்தைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்தைக் கெடுத்துவிடுவார்கள். கார்டுகளை மேல்விளிம்பில் மெல்லிய இரட்டை ஒட்டு டேப்பால் நிறுத்தி, பேண்டேஜை கன்னம் படும் இடத்துக்கு முன்னும் பின்னும் மட்டும் ஒரு கட்டுப் போடுங்கள்.

மீதி 25 மி.மீ. இடதை விட்டுவிடுங்கள். 35 மீட்டரில் அது 60 மி.மீ. ஆகும். அந்தத் தூரத்தில் பேட்டர்ன் (ரவை பரவும் வட்டம்) 75 செ.மீ. அகலம், தட்டு 11 செ.மீ. ரொம்ப நாள் பழகிய கட்டையின் கன்னத்தைச் சுரண்டுவதற்கு அந்தக் குறை போதாது. பல மாதம் சுட்ட பிறகும் இடது பக்கத் தட்டுகள் தொடர்ந்து தவறினால் அப்போது பார்க்கலாம்.

28 மேலே என்பது டிராப்புக்கு நன்றாகவே பொருந்தும். 40 கஜத்துக்குக் கொண்டுபோனால் 70 மி.மீ. மேலே, பேட்டர்னில் ஏறக்குறைய அறுபது பங்கு குறிக்கு மேல், நாற்பது கீழ். டிராப் தட்டு எழும்பிக்கொண்டே போகும், அதனால் தட்டைக் குழலுக்கு மேலே பார்த்தபடியே சுடலாம், மறைக்க வேண்டியதில்லை. எழுபது-முப்பது வைப்பவர்களும் உண்டு. ஸ்கீட்டும் சுடுவீர்கள் என்பதால் இதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கீழ் முனை குத்துவது பிட்ச். டோ (பட்டின் அந்தக் கீழ் முனை) நீண்டிருக்கிறது என்று பொருள். பேட் மாட்டும் மேல் ஸ்க்ரூவில், தட்டுக்கும் மரத்துக்கும் நடுவில், 1.5 மி.மீ. வாஷர் ஒன்று போடுங்கள். ஹீல் பக்கம் சற்று வெளியே வரும், டோ அந்த அளவுக்கு உள்ளே போகும், பட் முழுவதும் தோளில் பதியும். போதாவிட்டால் இன்னொன்று. மிகையாகப் போட்டால் எதிர் விளைவு: சுடும்போது கட்டை தோளில் மேலேறும், கோம்ப் கன்னத்தில் இடிக்கும். அது தெரிந்த உடனே ஒன்றைக் கழற்றுங்கள்.

மரவேலைப்பட்டறை:

தம்பியின் முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆசாரியிடம் கொடுக்கலாமா? கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். அதே சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் உதிரி பாகங்களும் அடங்கும், அதனால் ‘மரத்தை மட்டும் கழற்றிக் கொடுத்தேன்’ என்ற சமாதானத்தையும் நம்ப வேண்டாம். உரிமம் உள்ள துப்பாக்கிக் கடை அல்லது பட்டறையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதை 6ஆம் பிரிவு தனியாகத் தடை செய்கிறது. நீளம் என்றாலே குழல் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன், பட்டறையில் எழுதிக் கொடுக்கும்போது ‘பட் பக்கம்’ என்று தெளிவாக எழுதுங்கள்.

எவ்வளவு அறுப்பது? உங்களுக்கு 355 ஒத்துவந்திருக்கிறது. பேட் இல்லாமல் மரம் 350. 20 மி.மீ. புது பேட் போட்டால் மரம் 335 இருக்க வேண்டும், ஆக 15 மி.மீ. எடுக்கணும். முதலில் 12 மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பேடை மாட்டிப் பார்த்து மீதி 3. வெட்டின துண்டை வாங்கி வீட்டில் வையுங்கள், துப்பாக்கியை விற்க நேர்ந்தால் திரும்ப ஒட்டிச் சேர்க்க அதே மரம் வேண்டும்.

அறுப்பதற்குப் பதில் 10, 12 மி.மீ. மெல்லிய பேட் போட்டாலும் 360, 362 கிடைக்கும். டிராப் மட்டும் சுட்டால் அதுவே போதலாம். ஒரு மாதம் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறுக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்றுச் சுற்றி அதன் மேல் கோடு போட வேண்டும். நுண்பல் ரம்பம், ஹீலிலிருந்து டோவை நோக்கி. ரம்பம் வெளியேறும் இடத்தில்தான் மரம் சிலும்பும். டோவை எட்டும்போது கையை இலேசாக்கணும், அடியில் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுக்கணும். வாஷர் வைத்து நீங்கள் கண்டுபிடித்த பிட்சை அறுக்கும் கோணத்திலேயே கொண்டுவந்துவிடச் சொல்லுங்கள், பிறகு வாஷர் தேவையில்லை. அறுத்த முகப்பு பச்சை மரம், நம் ஊர் ஈரத்தை பஞ்சு மாதிரி குடிக்கும். பேட் மாட்டும் முன் வார்னிஷ் இரண்டு பூச்சு. இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், இரண்டு மழைக்காலத்தில் மரம் உப்பி பேடின் ஓரத்தைத் தாண்டி நிற்கும்.

பழைய பேடை திரும்ப மாட்டுவதாக இருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். பாலியூரித்தேன் பேடுகள் வெப்பத்திலும் ஈரத்திலும் சில வருடங்களில் பிசுபிசுத்துப் போகும். கையில் ஒட்டினால் தூக்கிப் போடுங்கள், துடைத்துச் சரிசெய்ய முடியாது.

செமி-ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில மாடல்களில் ரிட்டர்ன் ஸ்ப்ரிங் குழாய் கட்டைக்குள் ஓடும், அதற்கு மேல் அறுக்க இடமே கிடையாது. ஆனால் அவற்றோடு பெரும்பாலும் ஷிம் செட் வரும், கட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவில் மாற்றிப் போட்டு இறக்கத்தையும் காஸ்ட்டையும் மாற்றலாம். பெட்டியில் தேடிப் பாருங்கள்.

வெற்றி_வேளச்சேரி:

வாஷர் ஒன்று போட்டதும் குத்துவது நின்றது. பேண்டேஜை மாற்றிக் கட்டிய பிறகு மூன்று தோட்டா: 27 மேலே, 25 இடது. மெல்லிய பேட் போட்டு ஒரு மாதம் சுடப்போகிறேன், அறுப்பதை அப்புறம் பார்க்கலாம். நீளம் 5 மி.மீ. கூடுவதால் கார்டைக் கூட்ட வேண்டுமா?

நடுமணி:

12 மி.மீ. பேட் என்றால் 362, இப்போதைவிட 7 கூடுதல். கண் 0.6 மி.மீ. தாழும், காகிதத்தில் 10 மி.மீ. கீழே. ஒரு கார்டு கூடுதலாக வையுங்கள், ஏழு. முதல் நாள் தட்டுக்குப் போகும் முன் காகிதத்தில் மூன்று சுட்டுப் பாருங்கள். எல்லாம் உறுதியான பிறகு, ரிப் மேசையில் படும்படி துப்பாக்கியைக் கவிழ்த்து, முன்மணி மேசை விளிம்புக்கு வெளியே தொங்குமாறு வைத்து, மேசையிலிருந்து கார்டின் மேல்முகம் வரை இரண்டு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிரந்தர கோம்ப் செய்யும் நாளில் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியது அந்த இரண்டு எண்களைத்தான்.